அட்டைப்படத்து வெற்றுப்பெட்டி

கணினியின் வரலாற்றைச் சொல்லும் நூல்களுள் எதைப் புரட்டினாலும் ஒரு படம் பெரும்பாலும் கண்ணில் படும். 'பாப்புலர் எலக்ட்ரானிக்ஸ்' என்னும் அமெரிக்க மாத இதழின் 1975 ஜனவரி அட்டைதான் அது. நீள்சதுரப் பெட்டி ஒன்று. அதன் முகப்பில் வரிசையாகச் சின்னஞ்சிறு சுவிட்சுகள். அவற்றுக்கு மேலே புள்ளி புள்ளியாக விளக்குகள். திரை இல்லை, விசைப்பலகை இல்லை. இருந்தும், வணிக நிறுவனங்கள் விற்கும் கணினிகளுக்கு நிகரான ஒன்றை இனி வீட்டிலேயே பூட்டிக்கொள்ளலாம் என்று அட்டையின் தலைப்பு முழங்கியது. 'ஆல்டேர் 8800' என்பது அந்த இயந்திரத்தின் பெயர். தனிமனிதர் சொந்தமாக வைத்துக்கொள்ளும் கணினியின் கதையை இந்த அட்டையிலிருந்து தொடங்குவதே எழுதுவோர் பலரின் வழக்கம்.

அப்படித் தொடங்குவோர் ஓரிரு வரிகளில் சொல்லிக் கடந்துவிடும் செய்தி ஒன்று உண்டு. அட்டையில் இருந்த பெட்டிக்குள் ஒன்றுமே இல்லை! முகப்பில் சுவிட்சுகளும் விளக்குகளும் பொருத்திய வெற்றுக்கூடு அது.

இன்று ஒரு கைப்பேசியோ மடிக்கணினியோ சந்தைக்கு வருமுன்பே அதன் படம் வந்துவிடுகிறது. உலோக விளிம்பில் ஒளி வழுக்குகிறது. கண்ணாடியில் சாளரத்தின் சாயல் தெரிகிறது. தொட்டுப் பார்க்கலாம் போலிருக்கிறது. ஆனால் அப்படி ஒரு பொருள் உலகில் எங்கும் இல்லை. கணினிக்குள் கணக்கிட்டு வரைந்த உருவம் அது. தொழிலில் உள்ளோர் இதனை 'ரெண்டர்' என்பர். நாளை காலைக்குள் படம் வேண்டும் என்று கெடு வைத்து வாங்கப்படுவதுதான் இத்தொழிலில் பெரும்பாலும் நடப்பது. பொருளுக்கு முன்னே படம் பிறப்பது இன்றைய மென்பொருள்களால் வந்த புதுமை என்றே நம்மில் பலரும் எண்ணிக்கொண்டிருக்கிறோம். அதன் பழைய வடிவத்தை இந்த வெற்றுப்பெட்டியில் காணலாம்.

நியூ மெக்சிகோ மாநிலத்தின் ஆல்புகெர்க்கி நகரில் எட் ராபர்ட்ஸ் என்பவர் நடத்திய சிறு நிறுவனம் 'மிட்ஸ்'. அமெரிக்க விமானப்படையில் பணியாற்றிய ராபர்ட்ஸ், 1969இல் நண்பர்களுடன் சேர்ந்து மாதிரி ராக்கெட்டுகளுக்கான மின்னணுக் கருவிகளை விற்கத் தொடங்கினார். பிறகு கணக்கிடும் கருவிகளுக்கு மாறினார். அவருடைய கால்குலேட்டர் 1971 நவம்பரில் இதே இதழின் அட்டையில் இடம்பெற்று நன்றாக விற்றது. ஆனால் பெருநிறுவனங்கள் அச்சந்தைக்குள் நுழைந்ததும் விலை சரிந்தது. அவர் செய்து விற்கும் விலையைவிடக் குறைவாகக் கடையில் முழுக் கருவியே கிடைக்கும் நிலை வந்தது. 1974இல் அந்நிறுவனம் ஏறத்தாழ மூன்று லட்சம் டாலர் கடனில் நின்றது.

அந்நிலையில் இருந்த மனிதர் கடையை மூடுவதற்குப் பதிலாக ஒரு கணினியைச் செய்யப் புகுந்தார். அவ்வாண்டு ஏப்ரலில் இன்டெல் நிறுவனம் 8080 என்னும் நுண்செயலியை வெளியிட்டிருந்தது. அதைத் தனியாக ஒன்று வாங்கினால் 360 டாலர். ராபர்ட்ஸ் மொத்தமாக வாங்குவதாகப் பேசி ஒன்றுக்கு 75 டாலர் என்று முடித்தார். பூட்டிக்கொள்ளும் தொகுப்பின் விலை 397 டாலர் என்று இதழில் வரக் காரணம் அந்தப் பேரந்தான். வங்கியில் மேலும் 65,000 டாலர் கடன் கேட்டுப் பெற்றார். சில நூறு தொகுப்புகள் விற்றால் மூச்சு விடலாம் என்பது அவர் கணக்கு.

இதழின் பக்கம் வேறொரு நெருக்கடி. போட்டி இதழான 'ரேடியோ எலக்ட்ரானிக்ஸ்' 1974 ஜூலையில் ஜோனதன் டைட்டஸ் என்பவர் வடிவமைத்த மார்க்-8 என்னும் கணினியை அட்டையில் போட்டுவிட்டது. அது வரைபடங்களை விற்கும் திட்டம். உறுப்புகளை வாசகரே தேடிச் சேர்க்க வேண்டும். அதனினும் சிறந்ததொன்றை, முழுத் தொகுப்பாக, ஓர் ஒழுங்கான பெட்டியோடு காட்டிவிட வேண்டும் என்று 'பாப்புலர் எலக்ட்ரானிக்ஸ்' ஆசிரியர் ஆர்தர் சால்ஸ்பெர்க்கும் தொழில்நுட்ப ஆசிரியர் லெஸ் சாலமனும் விரும்பினர். 'ஒழுங்கான பெட்டி' என்பதைக் கவனிக்க. உள்ளிருப்பது எதுவாயினும் அட்டையில் தெரியப்போவது பெட்டிதானே!

1974 அக்டோபரில் முதல் மாதிரி ஆல்புகெர்க்கியில் உருவாயிற்று. ராபர்ட்ஸும் அவருடைய பொறியாளர் பில் யேட்ஸும் அதைச் செய்து முடித்தனர். ரயில்வே எக்ஸ்பிரஸ் என்னும் சரக்குப் போக்குவரத்து நிறுவனத்தின் வழியாக அது நியூயார்க்கிலிருந்த இதழ் அலுவலகத்துக்கு அனுப்பப்பட்டது. ராபர்ட்ஸும் நியூயார்க் சென்றார். பெட்டி வந்து சேரவில்லை. அந்நிறுவனம் அப்போது வேலைநிறுத்தத்திலும் கடனிலும் தள்ளாடிக்கொண்டிருந்தது. அடுத்த ஆண்டே அது மூடப்பட்டது. உலகில் இருந்த ஒரே ஆல்டேர், ஏதோ ஒரு சரக்குக் கிடங்கில் காணாமற்போயிற்று.

இதழ் நடத்திய அனுபவம் உள்ளவர்களுக்கு மேலே சொல்ல வேண்டியதில்லை. கட்டுரை வராவிட்டால் பக்கத்தை மாற்றி நிரப்பிக்கொள்ளலாம். அட்டையை என்ன செய்வது? அச்சகம் யாருக்காகவும் காத்திருப்பதில்லை. கல்லூரி ஆண்டுமலருக்கு அட்டை தேடி அலைந்த நாள்களில் நாமும் அந்தப் பதற்றத்தைச் சிறிதளவு அனுபவித்திருக்கிறோம்.

சாலமன் ராபர்ட்ஸின் சொல்லை நம்பினார். இயந்திரத்தின் ஒளிப்படங்கள் சில அவரிடம் முன்பே இருந்தன. அவற்றைக்கொண்டு கட்டுரை உருவாயிற்று. ஆல்புகெர்க்கியில் இன்னொரு முழு இயந்திரம் செய்ய நேரமில்லை. ஆகவே ஒரு பெட்டி, ஒரு முகப்புத் தகடு, சுவிட்சுகள், விளக்குகள் ஆகியவற்றை மட்டும் சேர்த்து ஒரு முகத்தை உருவாக்கினர். அட்டையில் வந்தது அந்த முகம்.

உள்ளே வெளியான படங்களுக்கும் ஒரு விசித்திரம் நேர்ந்தது. தொலைந்த மாதிரியை மீண்டும் அப்படியே செய்யாமல், ராபர்ட்ஸ் உள்ளமைப்பையே மாற்றிவிட்டார். வாசகர்கள் பணம் கட்டிப் பெற்ற ஆல்டேரின் மின்சுற்றுப் பலகைகள், இதழில் அவர்கள் கண்ட பலகைகளைப் போல இல்லை. அதாவது, அட்டையில் இருந்தது உள்ளீடற்ற பெட்டி. உட்பக்கங்களில் இருந்தது தொலைந்துபோன பெட்டி. விற்றது மூன்றாவதான வேறொன்று. பெயர் மட்டும் மூன்றுக்கும் ஒன்று. அந்தப் பெயர் வந்த கதையும் இரண்டு விதமாக வழங்குகிறது. சாலமனின் மகள் தொலைக்காட்சித் தொடரில் கேட்ட விண்மீனின் பெயரைச் சொன்னாள் என்பது ஒன்று. இதழின் உதவியாசிரியர்கள் விண்மீன் பெயரொன்று வைப்போம் என்று பேசி முடித்தனர் என்பது மற்றொன்று. படமே இப்படியிருக்கப் பெயருக்கு மட்டும் ஒரே கதை எப்படி இருக்கும்?

இது ஏமாற்றா? இக்கேள்வியைத் தட்டிக்கழிக்க நாம் விரும்பவில்லை. 397 டாலர் அன்று சிறு தொகையன்று. படத்தைப் பார்த்துக் காசோலை அனுப்பியவர்கள் பார்த்தது ஒரு நாடகப் பொருளை. அவர்களிடம் அது சொல்லப்படவும் இல்லை. இதழின் நிலையிலிருந்து பார்த்தால், சாலமன் இயங்கும் கணினியைத் தம் கண்ணால் காணாமலே வாசகர்களுக்கு உறுதி கொடுத்திருக்கிறார். ராபர்ட்ஸ் தோற்றிருந்தால் இன்று அந்த அட்டை மோசடிகளின் வரிசையில் வைத்துப் பேசப்பட்டிருக்கும். வென்றதால் அது சுவையான நிகழ்ச்சியாகிவிட்டது. வென்றவர் செய்ததெல்லாம் துணிவு, தோற்றவர் செய்ததெல்லாம் வஞ்சகம் என்று எழுதும் வரலாற்று முறையில் நமக்கு உடன்பாடில்லை. ஆயினும் ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். வெற்றுப்பெட்டிக்குப் பின்னால், காணாமற்போனதாயினும், ஓடிய ஓர் இயந்திரம் இருந்தது. அதைச் செய்தவர் அதை மீண்டும் செய்யத் தெரிந்தவராகவும் இருந்தார்.

படம் தன் வேலையைச் செய்தது. 1975 பிப்ரவரி மாதத்தில் மட்டும் ஆயிரம் ஆணைகள் வந்தன. ஆகஸ்டுக்குள் ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட தொகுப்புகள் அனுப்பப்பட்டன. சில நூறு எதிர்பார்த்த மனிதருக்கு இது பேரதிர்ச்சி. உறுப்புகள் போதவில்லை, ஆள்கள் போதவில்லை, பணம் கட்டியவர்கள் மாதக்கணக்கில் காத்திருந்தனர். கலிபோர்னியாவின் ஸ்டீவ் டாம்பியர் என்பவர் பொறுக்கமாட்டாமல் ஆல்புகெர்க்கிக்கு நேரிலேயே போய்விட்டார், அப்படி ஒரு நிறுவனம் உண்மையிலேயே இருக்கிறதா என்று பார்க்க. இருந்தது. கையில் கிடைத்த சில உறுப்புகளோடு திரும்பினார். அவரைப் பிறகு மீண்டும் சந்திப்போம்.

இதே அட்டையை 1974 டிசம்பரில், ஹார்வர்ட் சதுக்கத்தின் இதழ்க்கடையில் பார்த்தவர் பால் ஆலன். வாங்கிக்கொண்டு நண்பர் பில் கேட்ஸிடம் ஓடினார். இக்கதையைப் பலரும் அறிவர். நம் பொருளுக்கு வேண்டிய ஒரு கூறை மட்டும் எடுத்துக்கொள்வோம். இருவரும் ராபர்ட்ஸோடு தொடர்புகொண்டு, உங்கள் கணினிக்கான பேசிக் மொழி எங்களிடம் தயாராக இருக்கிறது என்றனர். அப்போது அவர்களிடம் ஒரு வரியும் இல்லை. ஆல்டேரும் இல்லை, 8080 செயலிகூட இல்லை. வெற்றுப்பெட்டியின் படத்தைக் காட்டியவரிடம் எழுதாத நிரலை விற்க முனைந்தனர்!

பிறகு நடந்தது நமக்குக் கூடுதல் வியப்பைத் தருகிறது. செயலியின் கையேட்டை வைத்துக்கொண்டு, ஹார்வர்டில் இருந்த பி.டி.பி-10 என்னும் பெரிய கணினியை 8080 போல நடிக்கவைக்கும் நிரல் ஒன்றை ஆலன் எழுதினார். அந்த நடிப்புக் கணினியின்மேல் கேட்ஸும் மான்டி டேவிடாஃப் என்னும் மாணவரும் சேர்ந்து மொழியை உருவாக்கினர். ஏறத்தாழ எட்டு வாரம். கேட்ஸும் ஆலனும் நேரில் தொட்டறியாத ஓர் இயந்திரத்தின் சொல்லுருவத்தை இன்னோர் இயந்திரத்துக்குள் எழுப்பி, அதன்மேல் வேலை செய்தனர். நிரலை எடுத்துக்கொண்டு ஆல்புகெர்க்கிக்குப் பறந்த ஆலனுக்கு, அதை ஆல்டேருக்குள் ஏற்றிவைக்கும் முன்நிரல் ஒன்று வேண்டும் என்பது விமானம் இறங்கும் வேளையில்தான் நினைவுக்கு வந்தது. அதைத் தாளில் எழுதி முடித்தார். மறுநாள் துளையிட்ட காகித நாடாவிலிருந்து நிரல் ஏறியது. இரண்டையும் இரண்டையும் கூட்டச் சொன்னார்கள். நான்கு என்றது ஆல்டேர். கையேடு பிழையற்றதாக இருந்தது. அதை வாசித்தவரும் பிழையின்றி வாசித்திருந்தார். அவ்வளவுதான்.

பொருளுக்கு முன்னே உருவத்தைச் செய்தவர்களில் வேறொரு மரபும் உண்டு. 1968இல் ஆலன் கே, குழந்தைகள் மடியில் வைத்துக்கொள்ளத்தக்க கணினி ஒன்றைக் கற்பனை செய்தார். பின்னாளில் அதற்கு 'டைனாபுக்' என்று பெயர். அன்றைய கணினிகள் அறைகளை நிரப்பிக்கொண்டிருந்த காலம். அவர் அட்டையால் அதன் மாதிரியைச் செய்தார். அது மட்டுமா? அதற்குள் ஈயக் குண்டுமணிகளைக் கொட்டினார். இந்தப் பொருள் எவ்வளவு கனமாக இருக்கலாம், எந்த அளவுக்கு மேல் கை வலிக்கும் என்று கண்டறிவதற்காக. இரண்டு பவுண்டுக்கும் குறைவாக இருக்க வேண்டும் என்று அவருக்குத் தெரிந்தது அந்த ஈயத்தால்தான். 1972இல் இதைப் பற்றி அவர் எழுதிய கட்டுரையில் கோட்டோவியங்களும் இடம்பெற்றன.

தமிழ் பயின்றோர் 'புனையா ஓவியம்' என்னும் தொடரை அறிவர்: வண்ணம் தீட்டாமல் கோட்டளவில் நிற்கும் ஓவியம். ஆலன் கேயின் படங்கள் அத்தகையவை. பார்ப்பவர் எவரும் அது இருக்கும் பொருள் என்று மயங்கமாட்டார். இனி வேண்டிய பொருள் என்று அந்தக் கோடுகளே சொல்லிவிடும். ஆல்டேர் அட்டை புனைந்த ஓவியம். அங்கே ஒளிப்படம் என்னும் வடிவமே சாட்சி சொல்லிவிடுகிறது. இருந்ததால்தானே படமெடுத்தார்கள் என்று மனம் முடிவுகட்டுகிறது. இரண்டு உருவங்களுமே உள்ளீடற்றவை. ஆனால் ஒன்றினுள் ஈயம் இருந்தது. நமக்கு அந்த ஈயத்தின்மேல் பெருமதிப்பு.

அடுத்து 1977 ஏப்ரல், சான் பிரான்சிஸ்கோவின் மேற்குக் கடற்கரைக் கணினிக் கண்காட்சி. ஆப்பிள் நிறுவனம் தன் இரண்டாம் கணினியை அங்கே அறிமுகம் செய்தது. ஜெர்ரி மேனாக் வடிவமைத்த பிளாஸ்டிக் கூடுகள் கடைசி நேரத்தில் வந்து சேர்ந்தன. அவற்றில் சிறு வடுக்களும் இருந்தன. இருந்தவர்கள் உட்கார்ந்து உப்புத்தாளால் தேய்த்து மெருகேற்றினர். முடிந்த கணினிகள் மூன்றே மூன்று. அவற்றை மேலே வைத்து, ஏராளமாகச் சரக்கு இருப்பதுபோல வெறும் பெட்டிகளைப் பின்னால் அடுக்கினர். மீண்டும் வெற்றுப்பெட்டி!

கணினியே கணினியின் படத்தை வரையும் கலையும் அந்த ஆண்டுகளில்தான் வேர் கொண்டது. யூட்டா பல்கலைக்கழகத்தில் வியட்நாமில் பிறந்த பூய் துவோங் ஃபோங், வளைபரப்பில் ஒளி பளிச்சிடும் புள்ளியைக் கணக்கிடும் வழியை 1973இல் தம் ஆய்வேட்டில் தந்தார். ஆல்டேர் வந்த 1975இல், அதே பல்கலைக்கழகத்தின் மார்ட்டின் நியூவெல் தம் வீட்டுத் தேநீர்க் கெண்டியைக் கட்டம்போட்ட தாளில் வரைந்து, அதன் வளைவுகளை எண்களாக்கினார். அந்த எண்கெண்டி உலகெங்கும் வரைகலைச் சோதனைகளுக்குப் பயன்பட்டது; மூலக்கெண்டி கலிபோர்னியாவின் கணினி வரலாற்று அருங்காட்சியகத்தில் இருக்கிறது. 1986இல் ஜேம்ஸ் கஜியா ஒளி பொருளுக்குப் பொருள் தெறித்துச் செல்வதை ஒரே சமன்பாட்டில் எழுதினார். இன்றைய ரெண்டர்கள் பெரும்பாலும் அதற்கு விடை தேடுபவைதாம்.

இக்கலையில் வல்லவர்கள் மெய்ம்மையை எங்கே தேடுகிறார்கள் என்பது சுவையானது. கூர்மையான விளிம்புதான் பொய்யைக் காட்டிக்கொடுக்கும் என்பார்கள். உண்மைப் பொருள் எதற்கும் கத்திபோன்ற விளிம்பு இருப்பதில்லை. மயிரிழை அளவாவது உருண்டிருக்கும். அந்த உருட்சியில் ஒளி ஒரு கோடாக ஓடும். இரண்டு பிளாஸ்டிக் பாகங்கள் சேரும் இடத்தில் மெல்லிய இடைவெளி வேண்டும். கம்பி செருகும் துளைகள் சரியான அளவில் இருக்க வேண்டும், ஏனெனில் பார்ப்பவர் அவற்றைத் தினமும் கையாள்பவர். பொருள் மேசையைத் தொடும் இடத்தில் நிழல் கருத்து நிற்க வேண்டும், இல்லாவிட்டால் மிதக்கும். நேரம் குறைந்தால் இவற்றைத்தான் முதலில் செய்வார்கள். படத்தில் தெரியாத பின்பக்கத்தை உருவாக்கவே மாட்டார்கள். ஆல்டேர் அட்டைக்குச் செய்ததும் இதுவே. முகப்பு மட்டும்.

2012 செப்டம்பரில் கிக்ஸ்டார்ட்டர் என்னும் நிறுவனம், பொதுமக்களிடம் முன்பணம் திரட்டும் வன்பொருள் திட்டங்களில் ரெண்டர் படங்களைத் தடைசெய்தது. இருக்கும் மாதிரியின் ஒளிப்படத்தையே காட்ட வேண்டும் என்பது விதி. படத்தை நம்பிப் பணம் கட்டியோரின் ஏமாற்றங்களைப் பார்த்தபின் வந்த விதி அது, நியாயமானதும்கூட. ஆயினும் இந்த விதியை 1975 ஜனவரி அட்டைமேல் வைத்துப் பார்த்தால் என்ன ஆகும்? அது ரெண்டர் அன்று. கையால் தொடத்தக்க பெட்டியின் அசல் ஒளிப்படம். விதியின் எழுத்துப்படி அது தேறிவிடும்!

பெட்டி பேசிய நாளையும் சொல்லிவிடுவோம். அட்டையைக் கண்டு தூண்டப்பட்ட ஆர்வலர் சிலர் 1975 மார்ச் 5 அன்று, கலிபோர்னியாவின் மென்லோ பார்க்கில் கோர்டன் ஃப்ரெஞ்ச் என்பவரின் கார் கொட்டகையில் கூடினர். 'ஹோம்ப்ரூ' கணினிக் கழகம் அப்படிப் பிறந்தது. வந்தவர்களில் ஸ்டீவ் வாஸ்னியாக்கும் ஒருவர். டாம்பியரும் அங்கே இருந்தார், ஆல்புகெர்க்கியில் கண்டதைச் சொல்ல.

சிறிது நாளில் அவருடைய தொகுப்பு வந்தது. உறுப்புகளை ஒவ்வொன்றாகப் பற்றவைத்துப் பூட்டினார். அடிப்படைத் தொகுப்பின் நினைவகம் 256 பைட்டுகள். இன்றைய ஒருங்குறியில் ஒரு குறளை அதில் வைக்கலாம், நாலடி வெண்பாவுக்கு இடம் போதாது. பார்க்கத் திரை இல்லை. கேட்க ஒலிபெருக்கி இல்லை. ஒரு நாள் பக்கத்திலிருந்த சிறு டிரான்சிஸ்டர் வானொலி இரைவதைக் கவனித்தார். கணினியின் மின்னலைகளை வானொலி வாங்கிக்கொண்டிருந்தது. எந்த நிரல் ஓடினால் எந்தச் சுரம் எழுகிறது என்று குறித்துக்கொண்டே வந்தார்.

ஏப்ரல் மாதக் கூட்டத்துக்குப் பெட்டியையும் வானொலியையும் கொண்டுவந்தார். முகப்புச் சுவிட்சுகளை ஒவ்வொன்றாக மேலும் கீழும் தள்ளி எண்களை ஏற்றிக்கொண்டிருந்தபோது யாரோ மின்கம்பியைப் பிடுங்கிவிட்டார்கள், எல்லாம் அழிந்தது. மீண்டும் தொடக்கத்திலிருந்து ஏற்றினார். பிறகு கூட்டத்தை அமைதியாக இருக்கச் சொல்லிக் கடைசிச் சுவிட்சைத் தட்டினார். வானொலியிலிருந்து பீட்டில்ஸ் குழுவின் 'ஃபூல் ஆன் தி ஹில்' இசை எழுந்தது. அது முடிந்து கைத்தட்டல் அடங்குமுன்பே இன்னொரு பாட்டு. 1961இல் பெல் ஆய்வகத்தின் கணினி பாடிய 'டெய்ஸி'. கூடியிருந்தவர்கள் எழுந்து நின்று கைதட்டினர்.